நீலகிரியில் பழைய தையல் மெஷின், பின்னல் மெஷின் சேர்க்க: வாங்குவது முதல் மழைக்காலம் தாண்டுவது வரை

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறையில் இப்போது 14 மெஷின் நிற்கிறது. அதில் ஐந்து நான் தேடி வாங்கியவை இல்லை. ஆசையாக வாங்கி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சுக்கோங்கக்கா" என்று இறக்கிவிட்டுப் போனவர்களுடையவை. ஐந்து பேரும் முதலில் வாங்கினார்கள், அடுத்து பளபளவென்று துடைத்தார்கள், கடைசியில் எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். மலையில் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

1. மெஷினுக்கு முன்னால் இடம்

நீலகிரியில் மெஷினைத் தின்பது வயசு இல்லை, ஈரம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடி மழை பெரிசு. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை. மழை இல்லாத நாளிலும் மத்தியானம் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அறை சரிதானா என்று பார்க்க ஒரு கிண்ணம் கல்லுப்பு போதும். கதவைச் சாத்தி இரண்டு நாள் வையுங்கள். உப்பு நீர் விட்டிருந்தால் அந்த அறை வேண்டாம். மழைக்காலத்தில் எல்லா அறையிலும் கொஞ்சம் நீர் விடும். அப்போது எந்த அறையில் குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டி மெஷினை வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விட்டால் சுவரின் ஈரம் மரத்துக்கு ஏறாது. சிமெண்டுத் தரையில் நேராக நிறுத்தாமல் அடியில் பலகை போடுங்கள்.

பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. என் முதல் மெஷினை ஆனி மாதம் பிளாஸ்டிக்கில் சுற்றி, டேப் ஒட்டி, கெட்டிக்காரத்தனமாகப் பரண்மேல் ஏற்றினேன். புரட்டாசியில் பிரித்தபோது உறைக்கு உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஊசியைப் பிடித்திருக்கும் ஊசிக்கம்பி முழுக்கத் துரு, மரப்பெட்டியில் பச்சைப் பூஞ்சை. வெளி ஈரம் உள்ளே போகாது என்று நினைத்தேன், உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் போயிற்று. பழைய பருத்திப் போர்வை போதும்.

2. பாபினைப் பார்த்து வகை பிரியுங்கள்

புதியவர்கள் தங்கப்பூ போட்ட டிசைனைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பாபின், அதாவது கீழ்நூலைச் சுற்றிவைக்கும் சின்ன உருளை. அது கிடைக்காவிட்டால் மெஷின் வெறும் அலங்காரப் பொருள்.

சிங்கர் கம்பெனியின் 27, 28 மாடல்கள் இரண்டுக்கும் நீளக் குச்சி மாதிரியான பாபின், படகு போன்ற ஷட்டிலுக்குள் போகும். ஷட்டில் தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டும். சிங்கர் 15-க்கு வட்டப் பாபின், அதைப் பாபின் கேஸில் போட்டு ஓரத்திலிருந்து சொருகுவோம். நம் ஊரில் ஓடும் உஷா, மெரிட் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சிங்கர் 66, 99-க்குப் பாபின் மேலிருந்து இறங்கும். அதன் இரண்டு முகமும் லேசாகப் புடைத்திருக்கும். 15-இன் தட்டைப் பாபினை இதில் போட்டால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், தையல் மட்டும் கெட்டுப்போகும்.

முதல் மெஷின் 15 வகையாக இருக்கட்டும். பாபின், கேஸ், ஊசி மூன்றும் எந்த டெய்லரிங் சாமான் கடையிலும் கிடைக்கும், பழகும்போது உடைந்தாலும் பயமில்லை.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் தட்டையான சாதாரண வீட்டு ஊசிதான். 19-ஆம் நூற்றாண்டின் சிங்கர் 12-க்கு மட்டும் தனி ஊசி. அது தயாரிப்பிலேயே இல்லை. ஊசியும் கூடவே வந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

டார்ச், அகல வாய் குட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, சின்னது ஒன்று, மெஷின் எண்ணெய், 14, 16 நம்பர் ஊசிகள், 15 வகைப் பாபினும் கேஸும், சிவப்பு, வெள்ளை நூல்கண்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. விற்பவர் "நல்லா ஓடுங்க" என்பார். சக்கரம் சுற்றுவதை அவர் ஓடுவது என்கிறார், தையல் விழுவதை நாம் ஓடுவது என்கிறோம். நூலும் துணியும் நம் பையில் இருந்தால் இந்த வாதமே வராது.

4. எங்கே தேடுவது, விலையில் ஏமாறாமல் இருப்பது

நல்ல மெஷின்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. எஸ்டேட் பங்களா காலி செய்யும்போது, லைன் வீட்டுக்காரர்கள் சமவெளிக்குக் குடிபோகும்போது, டெய்லர் கடை மூடும்போது வெளியே வரும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். குன்னூர் பக்கம் அப்படி ஒரு பாட்டியிடம்தான் என் 28 ஹேண்ட் மெஷினைப் பார்த்தேன். கொடுக்க அவருக்கு மனசு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும்போது ஸ்டாண்ட் ஒரு பக்கமும் தலை, அதாவது தைக்கும் மேல்பாகம், ஒரு பக்கமுமாகப் பிரிந்திருக்கும், ஷட்டில் போயே போயிருக்கும்.

பங்களாச் சாமான் என்றால் விற்றவர் கையெழுத்துடன் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காவல்காரர் விற்று, முதலாளி பிறகு தேடி வந்த கதை எனக்குத் தெரியும்.

யாராவது "உள்ளே ரெட் மெர்குரி இருக்கு, லட்சக்கணக்கில் போகும்" என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். 2009-இல் சவூதி அரேபியாவில் இந்தப் புரளி கிளம்பிப் பழைய சிங்கர்களின் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. உள்ளே இருப்பது இரும்பும் பழைய எண்ணெயும்தான். லட்சம் லட்சமாக உலகெங்கும் விற்ற மெஷின் இது. பழையது என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது.

5. பணம் கொடுக்கும் முன் சோதிக்கும் வரிசை

முதலில் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். அதற்கும் முன்னால், கீல் கம்பிகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் இறுக்கமா என்று பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் சாய்க்கும்போது தலை கழன்று காலில் விழும். அந்தக் கீல் ஓட்டைகளைச் சுற்றி டார்ச் அடியுங்கள். கீழே விழுந்த மெஷினில் வார்ப்பிரும்பு இங்கேதான் விரிசல் விடும். விரிசல் இருந்தால் வேண்டாம். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது நம் வேலை இல்லை.

அடுத்து சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால், பாபின் பக்கத்தில் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியில் நூல் சிக்கும். சுற்றும்போது ஊசி ஏறி இறங்குகிறதா, துணியை நகர்த்தும் பல் முன்னும் பின்னும் நகர்கிறதா, ஷட்டில் அசைகிறதா, மூன்றையும் பாருங்கள். பிறகு ஊசிக்கம்பியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் தேய்மானம் அதிகம்.

சக்கரம் அசையவில்லையா? உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாபின் இடத்தைத் திறந்து பாருங்கள். பாதி நேரம் கொக்கியைச் சுற்றி நூல் இறுகியிருக்கும். அது துருப்பிடித்த மாதிரியே நடிக்கும், விலையையும் குறைத்துக் கொடுக்கும்.

கடைசியாக எண்ணைப் படம் எடுங்கள். சிங்கரில் அடிப்பலகையின் வலது கோடியில், தூணுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். வெறும் இலக்கம் மட்டும் என்றால் 1900-க்கு முந்தியது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவற்றில் எஃப் எழுத்து 1910-களையும், ஒய் எழுத்து 1920-களையும் 30-களின் தொடக்கத்தையும் காட்டும். ஈ-யில் தொடங்கும் இரண்டெழுத்து அதற்குப் பிந்தியது. 15கே, 99கே என்பதில் வரும் கே அந்த ஆலை இருந்த கில்போவியைக் குறிக்கும். விற்பவர் "நூற்றைம்பது வருஷத்து மெஷின்" என்றால் எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.

6. கொண்டைஊசி வளைவில் கொண்டுவருவது

தலையும் ஸ்டாண்டும் தனித்தனியாக வர வேண்டும். கீல் திருகுகளைத் தளர்த்தித் தலையைத் தூக்குங்கள். பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு கை வளைந்த கழுத்துக்குக் கீழே, மறு கை அடிப்பலகைக்குக் கீழே. சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினால் அச்சு வளையும்.

தலையைச் சாக்கில் சுற்றி வண்டியின் தரையில் படுக்க வையுங்கள், இருக்கைமேல் வேண்டாம். கட்டபெட்டு இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் போட்டபோது சீட்டில் இருந்த என் மெஷின் உருண்டு முன்பக்கத் தகடு நசுங்கியது. பாபின், கேஸ், ஷட்டில், நகரும் தகடு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் தொலைவது இவைதான்.

7. உள்ளே முதலில், வெளியே பிறகு

வந்த அன்றே மேலே துடைத்துப் பளபளப்பாக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து கறுப்பு எண்ணெய் இன்னும் இரண்டு வாரம் வழியும், மேல் வேலை வீணாகும். இந்த வேலைக்கு மாசி, பங்குனிதான் நல்ல மாதங்கள். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகிய எண்ணெய் இளகும்.

முதலில் ஊசியைக் கழற்றுங்கள். அடுத்து கொக்கியைச் சுற்றிய நூலை வெட்டி எடுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் சுற்றியதையும் சேர்த்து. அதன் பிறகுதான் எண்ணெய். நூலை எடுக்காமல் எண்ணெய் விட்டால் நூல் எண்ணெய் குடித்து இன்னும் இறுகும்.

ஒவ்வொரு ஓட்டையிலும், இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு. சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மறுபடி. ரொம்ப இறுகியிருந்தால் மண்ணெண்ணெயைத் தூரிகையால் உள்பாகங்களில் மட்டும் தடவி, அழுக்கு கரைந்ததும் துடைத்து, மெஷின் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் கரைக்கும், வழுக்க வைக்காது. கரி போட்டுக் குளிர்காய்கிற அறையில் இந்த வேலை வேண்டாம். ஸ்பானர் போட்டுச் சக்கரத்தைத் திருப்பவும் வேண்டாம். மூன்று வாரம் எடுத்து விடுபட்ட மெஷின் என்னிடம் இருக்கிறது.

எண்ணெய் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகக் குன்னூர் வந்த ஒரு தம்பி, ஊரில் அம்மா செய்வதைப் பார்த்து மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறான். கார்த்திகையில் நன்றாக ஓடியது மார்கழியில் கல்லாக நின்றுவிட்டது. "மெஷின் செத்துப்போச்சுக்கா" என்று தூக்கிக்கொண்டு வந்தான். முன்பக்கத் தகட்டைத் திறந்தால் ஊசிக்கம்பியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஊரில் குளியலறைப் பாட்டிலைப் பார்த்தாலே தெரியுமே. முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி, வழிந்ததைத் துணியில் ஒற்றி, மண்ணெண்ணெயால் கழுவ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. சமையல் எண்ணெய், விளக்கெண்ணெய், தலைக்கு வைக்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம். நிறமில்லாத மெஷின் எண்ணெய் மட்டும்.

வெளிப்பக்கத்துக்கும் அதே மெஷின் எண்ணெய்தான், பழைய வேட்டித் துணியில். தங்கப்பூவுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே பட்டால் அது கரைந்து பூவும் துணியோடு வந்துவிடும். முதலில் பின்பக்கம் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். நிக்கல் பூசிய சக்கர விளிம்பு, தகடு இவற்றில் இருக்கும் துருவுக்கு மட்டும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம். கறுப்புப் பெயிண்டுப் பக்கம் அது போகக் கூடாது.

சக்கரத்தின் நடுத் திருகைக் கழற்றினால், உள்ளே இருக்கும் காது வைத்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்துவிடுங்கள். திரும்பிப் போட்டுவிட்டால் திருகை இறுக்கினாலும் ஊசி ஓடாது, அல்லது தளர்த்தினாலும் நிற்காது. அப்படி ஆனால் வாஷரைப் பாதிச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

8. பெல்ட், முதல் தையல்

மிதி மெஷினின் தோல் பெல்ட்டைப் பொருத்தும்போது தளர்வாக விடாதீர்கள், வீணைத் தந்தி மாதிரியும் இழுக்காதீர்கள். புதுத் தோல் நீளும், மழையில் இன்னும் நீளும். அரை அங்குலம் வெட்டி, இரு முனைகளையும் இணைக்கும் கம்பிக் கொக்கியை மறுபடி போட வேண்டிவரும் என்று எதிர்பார்த்தே வாங்குங்கள்.

ஊசி போடும்போது நீளக் குழிவு இருக்கும் பக்கம்தான் நூல் நுழையும் பக்கம். சிங்கர் 15-இல் வலமிருந்து இடமாகக் கோர்ப்போம், ஊசியின் தட்டைப் பக்கம் இடப்பக்கம் இருக்கும். 66, 99-இல் நேர் எதிர். "தையலே விழலை" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊசியைத் திருப்பிப் போட்டவர்கள்.

மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். ஒரே நிறம் என்றால் தப்பு எந்த நூலில் என்று தெரியாது. துணியின் அடியில் சிவப்பு வளையங்கள் தெரிந்தால் மேல்நூல் தளர்வு. பாபின் கேஸ் திருகைத் தொடாதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல்நூலை முழுக்க எடுத்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராது. இதிலேயே பாதிப் பிரச்சினை முடியும். கேஸ் திருகு கடைசி மருந்து, அதுவும் கால் சுற்றுக்கு மேல் இல்லை.

9. பின்னல் மெஷின்

தையல் மெஷின் தெரிந்தவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அது இரும்பு, பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

வீட்டுப் பின்னல் மெஷின்களில் பிரதர், சில்வர் ரீட் இரண்டும்தான் கண்ணில் படும். வழக்கமான வகையில் 200 ஊசி, ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர். தடித்த நூலுக்கான வகையில் 9 மில்லிமீட்டர். 4.5-இல் கைப்பின்னலுக்கு வாங்கும் தடி உல்லனைப் போட்டு, ஊசிகள்மேல் இங்குமங்கும் ஓடும் கேரேஜைத் தள்ளினால் நடுவழியில் சிக்கி ஊசிக் கொக்கிகள் வளையும். நம் ஊர்க் குளிருக்குத் தடி நூல்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் முதலிலேயே 9-ஐத் தேடுங்கள்.

வாங்கும்போது கேரேஜ், அதன் முன்கை, நூல் தாங்கும் கம்பி, முதல் வரிக்கான சீப்பு, எடைகள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கேரேஜ் இல்லாமல், ஊசிகள் வரிசையாக இருக்கும் படுக்கையை மட்டும் யார் இனாமாகக் கொடுத்தாலும் உதிரி ஊசிக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேரேஜைத் தள்ளிப் பார்க்கவே கூடாது. முதல் வேலை ஸ்பாஞ்சு. ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் நீளப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் வெளியே வரும். அதன் அடியில் ஸ்பாஞ்சு உண்டு. பழைய மெஷினில் அது நசுங்கிப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். ஸ்பாஞ்சு செத்துவிட்டால் ஊசிகள் தலை தூக்கும், கேரேஜ் அவற்றில் மோதும். ஓட்டினால் ஊசி உடையும், கேரேஜின் உள்பாகமும் அடிபடும்.

பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்து, பசையைத் துடைத்து, அதே அகலத்துக்குப் புது ஸ்பாஞ்சு பட்டை ஒட்டி, மேலே மெல்லிய துணிநாடா ஒட்டுங்கள். நாடா இல்லாவிட்டால் ஊசி ஸ்பாஞ்சைப் பிறாண்டும். ரொம்பத் தடிமனாகப் போட்டுவிட்டால் பட்டை உள்ளே போகாது, போனாலும் ஊசி நகராது.

பட்டை வெளியே இருக்கும்போதே ஊசிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, ஒவ்வொன்றின் கொக்கியையும் மூடித் திறக்கும் நாக்கு தானாக ஆடுகிறதா என்று பாருங்கள். வளைந்ததை நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள். இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: பனியன் ஆலைகளின் வட்டப் பின்னல் மெஷின் ஊசியும் நாக்கு ஊசிதானே என்று திருப்பூரிலிருந்து வாங்கி வருகிறார்கள். நீளமும் அடிக்காலின் உயரமும் வேறு. பொருந்தாது.

ஊசி முடிந்த பிறகுதான் கேரேஜ். பழைய கிரீஸ் உறைந்து பொத்தான்கள் நகராமல் இருக்கும். பலமாக அழுத்தினால் பிளாஸ்டிக் உடையும். வெயிலில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காத்திருந்து அழுத்துங்கள். முன்கையில் இருக்கும் தூரிகைகளையும் ரப்பர் சக்கரங்களையும் சுற்றி நூல் நார் சேர்ந்திருக்கும், எடுத்துவிடுங்கள்.

நூல் கடைசிக் கவனம். கடையில் வாங்கிய உருண்டையிலிருந்து நேராக ஓட்டினால் இழுபட்டு வரி இறுகும். கூம்பில் தளர்வாகச் சுற்றி, மெழுகு ஒரு தடவை தடவி ஓட்டுங்கள்.

லூதியானாப் பக்கத்து ஸ்வெட்டர்க் கடைகளில் ஓடும் இரண்டு படுக்கை கை மெஷினை யாராவது விற்றால், முதலில் உங்கள் வீட்டுப் படிக்கட்டை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

10. மின்சார மெஷின்களும் புது மெஷின்களும்

பழைய மின்சார சிங்கரில் ரப்பர் உறை வயர் காய்ந்து பொடியாகியிருக்கும். மடக்கிப் பார்த்தாலே தெரியும். வயர் மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் மோட்டாரை நம் 230-இல் போட்டால் புகைதான். மோட்டார்த் தகட்டைப் படித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

புது மெஷின்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், சிலவற்றில் சர்க்யூட் போர்டு. மலையில் மின்சாரம் ஏறி இறங்கும், சித்திரையில் இடியும் சேரும். ஸ்டெபிலைசர் போடுங்கள், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். எங்கே எண்ணெய் விடலாம் என்பதைக் கையேடு சொல்லும். சொல்லாத இடத்தில் விடாதீர்கள்.

11. மழைக்கு முன்னும் மழைக்குள்ளும்

வைகாசிக் கடைசியில் எல்லா மெஷினுக்கும் ஒரு சுற்று எண்ணெய். வெற்று இரும்புப் பாகங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவவிட்டு வையுங்கள். ஃபுட்டுக்குக் கீழே துணி ஒன்றைச் சொருகி இறக்குங்கள். பல்லில் துருப்பிடித்து ஃபுட் ஒட்டிக்கொள்ளாது.

சின்ன மெஷின்களும் உதிரிகளும் இருக்கும் அலமாரியில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். எல்இடி பல்பு சூடு தராது, பிரயோஜனமில்லை. பல்பு மரத்தையும் துணியையும் தொடாத உயரத்தில் இருக்கட்டும். பின்னல் மெஷின் ஊசிகளை அலமாரியில் தனித் துணிப்பையில், எண்ணெய் தொட்டு வைக்கலாம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்தையும் பத்துச் சுற்று சுற்றுங்கள். அன்றைக்கே நோட்டில் தேதி, எண்ணெய் விட்டதா, என்ன சத்தம் வந்தது என்று ஒரு வரி. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பக்கம்: எண், எங்கே வாங்கியது, எந்தப் பாபின், எந்த ஊசி, என்ன மாற்றினோம். ஷட்டில்களை மட்டும் மெஷினோடு விடாமல், அந்தந்த மெஷின் எண் எழுதிய சீட்டோடு ஒரு தகர டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஈரம் ஏறாத மூலை அதுதான்.